ப்ரீ-நப் போட்டாச்சு, இப்போ வேண்டாம்! கணவன் மனைவி அதை எப்படி ரத்து பண்றது?



ஓசூர்ல ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற இளம் ஜோடிகளோட ஃபைல்ல முன்னெல்லாம் ரெண்டு ஃபார்ம் 16, ஒரு ஹோம் லோன் சர்டிஃபிகேட், அவ்வளவுதான் இருக்கும். இப்போ சில ஃபைல்கள்ல நோட்டரி சீல் அடிச்ச ஒரு ஸ்டாம்ப் பேப்பரும் சேர்ந்து வருது. திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம், அதாவது ப்ரீ-நப். ஒருத்தர் சிப்காட்ல, இன்னொருத்தர் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டில. ரெண்டு பேருக்கும் சம்பளம், ரெண்டு பேருக்கும் சொத்து. நெட்ல ஒரு மாடல் எடுத்து, பேரை மாத்தி, கையெழுத்து போட்டிருக்காங்க. மூணு வருஷம் கழிச்சு, "சார், இது இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். கிழிச்சுப் போட்டா போதுமா?" என்பதுதான் கேள்வி.

போதாது. ஆனா அதுக்குக் காரணம் நீங்க நினைக்கிறது இல்ல.

முதல்ல, அந்தப் பேப்பருக்கு எவ்வளவு பவர்?

உண்மையைச் சொல்லிடறேன். நம்ம ஊர்ல பெரும்பாலான ப்ரீ-நப்கள் கோர்ட்டில் நிற்காது. 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23, பொதுக் கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இந்து திருமணத்தைப் பொறுத்தவரை "பிரிஞ்சா இவ்வளவு, சேர்ந்து இருந்தா இவ்வளவு" என்று விலை பேசும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்த்து வந்திருக்கின்றன.

இது நேத்து வந்த விஷயம் இல்ல. 1901-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் டெகாயத் மோன் மோகினி வழக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை, மாமியார் வீட்டிலேயே தங்குறேன், மனைவியை அங்கிருந்து கூட்டிட்டுப் போக மாட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. வீட்டோட மாப்பிள்ளை ஒப்பந்தம்! அது செல்லாதுன்னு தீர்ப்பாச்சு. 1911-ல் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் கிருஷ்ண ஐயர் - பாலம்மாள் வழக்கு. அது கல்யாணத்துக்குப் பிறகு போட்ட ஒப்பந்தம். மனைவி சேர்ந்து வாழ வரணும், பின்னாடி பிரிஞ்சு போனா ஒரு தொகை தரணும் என்று எழுதியிருந்தாங்க. வருங்காலப் பிரிவுக்கு வழி வைக்கிற ஏற்பாடுன்னு அதையும் ஏத்துக்கல.

"ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்"னு எழுதி வாங்கியிருக்கீங்களா? அந்த வரிக்கு மதிப்பு ரொம்பக் கம்மி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125, இப்போ பி.என்.எஸ்.எஸ். பிரிவு 144. ஜீவனாம்சம் அதன்கீழ் வருகிற சட்ட உரிமை. அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துட முடியாது என்பதே பொதுவான நிலை.

எல்லா மதத்துக்கும் ஒரே கதை இல்லை. முஸ்லிம் திருமணத்தில் நிக்காஹ்வே ஒப்பந்தம்தான், மஹர் சட்டப்படியான கடன். மனைவி தானா விரும்பி அதை விட்டுக் கொடுக்கலாம், ஆனா கணவர் தனியா "ரத்து" பண்ண முடியாது. கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டத்தின் பிரிவு 40, திருமணத்துக்கு முன்போ பின்போ செய்த சொத்து ஏற்பாடுகளைக் கோர்ட் பரிசீலிக்கலாம் என்றே சொல்கிறது. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டவங்க, "எங்களுக்கு ப்ரீ-நப் செல்லும்"னு நம்புறாங்க. அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது.

இந்தியாவில் ப்ரீ-நப்புக்கு முழு அங்கீகாரம் இருக்கிற இடம் கோவா. 1867-ம் வருஷ போர்ச்சுகீசிய சிவில் சட்டம் அங்கே இன்னும் நடைமுறையில் இருக்கு. வேடிக்கை என்னன்னா, அங்கே கல்யாணம் முடிஞ்சுட்டா அந்த ஒப்பந்தத்தை மாத்தவும் முடியாது, ரத்து பண்ணவும் முடியாது. செல்லுபடி ஆகிற இடத்தில் ரத்து கிடையாது. ரத்து பண்ணலாம்கிற நம்ம ஊர்ல செல்லுபடியே சந்தேகம்!

அப்போ எதுக்கு ரத்து பண்ணணும்?

செல்லாத பேப்பர்தானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட முடியாது. ஏன்னா அதுக்குள்ள மூணு விதமான விஷயம் கலந்து கிடக்கும்.

ஒரு ஜோடியை வச்சுப் பார்ப்போம். கற்பனைதான், ஆனா இந்த ஊர்ல சகஜமான கணக்கு. அவர் சிப்காட்ல ப்ரொடக்‌ஷன் இன்ஜினியர். அவங்க எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். 2022-ல் கல்யாணம். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது இது: சம்பளக் கணக்கு தனித்தனி. சூளகிரி பக்கம் இருக்கிற அவரோட பூர்வீக நிலத்தில் அவங்களுக்குப் பங்கு இல்லை. அவங்க கொண்டு வர்ற 30 பவுன் அவங்களோடது. பாகலூர் ரோடு ஃப்ளாட்டுக்கு அவங்க சேமிப்பிலிருந்து 8 லட்சம் முன்பணம், பத்திரம் அவர் பேர்ல. பிரிஞ்சா யாரும் ஜீவனாம்சம் கேட்கக் கூடாது.

இதில் சில வரிகள் வாக்குறுதி: இனிமே இப்படி நடந்துக்குவோம் என்பது. சில வரிகள் முடிஞ்சுபோன பரிமாற்றம்: 8 லட்சம் கொடுத்தாச்சு. சில வரிகள் வெறும் கணக்கு: 30 பவுன் யாரோடது.

வாக்குறுதியை ரத்து பண்ணலாம். முடிஞ்ச பரிமாற்றம், ஒப்பந்தம் ரத்தானாலும் தானா திரும்பி வராது. மூணாவது வகையை ரத்து பண்ணவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனசில் நிக்கணும்னா இதுதான் நிக்கணும்.

ஏன்னு சொல்றேன். ஒப்பந்தமா அந்தப் பேப்பர் செல்லாம போகலாம். ஆனா "8 லட்சம் மனைவி கொடுத்தாங்க"ன்னு கணவரே கையெழுத்து போட்ட வரி ஒரு சாட்சியம். மனைவி பணத்தில் கணவர் பேர்ல வீடு வாங்குறது, கணக்கில் வந்த பணமா இருந்தா, பினாமி சட்டத்தின் விதிவிலக்குக்குள் வரும். பிரச்சினை பினாமி இல்ல. பணம் யாரோடதுன்னு நிரூபிக்கிறதுதான். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பத்து வருஷம் யார் பத்திரமா வச்சிருக்கா? நகைக்கும் அப்படித்தான். 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலும், 2024-ல் மாயா கோபிநாதன் வழக்கிலும் சீதனம் மனைவியின் தனிச் சொத்து, அது கூட்டுச் சொத்தா மாறாதுன்னு உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. உரிமை இருக்கு, சரி. எத்தனை பவுன்னு யார் சொல்றது? இரண்டு பேரும் கையெழுத்து போட்ட பட்டியல்தான்.

நல்ல மனநிலையில், "நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்"னு சொல்லி மொத்தத்தையும் கிழிக்கும்போது, அந்தப் பட்டியலும் சேர்ந்து கிழியுது. பெரும்பாலும் நஷ்டப்படுறது சொத்துப் பத்திரத்தில் பேர் இல்லாதவங்கதான்.

சரி, ரத்து பண்ற முறை

ரெண்டு பேரும் சம்மதிச்சா சட்டம் ரொம்ப எளிமை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 62: இருவரும் சேர்ந்து ஒப்பந்தத்தை ரத்து செய்தாலோ, மாற்றினாலோ, புதுசு போட்டாலோ பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை.

வாய் வார்த்தை மட்டும் வேண்டாம். பழைய ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், அதை வாய்மொழியா ரத்து பண்ணிட்டோம்னு பின்னாடி நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் விடாது. முன்பு பிரிவு 92, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 95. நோட்டரி மட்டும் பண்ண ஒப்பந்தமா இருந்தாலும் எழுத்திலேயே முடிங்க.

ரத்து ஒப்பந்தத்தில் பழைய ஒப்பந்தத்தின் தேதி, ஸ்டாம்ப் பேப்பர் வரிசை எண், நோட்டரி பதிவு எண் வரணும். எந்தத் தேதியிலிருந்து ரத்துன்னு தெளிவா இருக்கணும். "ஆரம்பத்திலிருந்தே ரத்து"ன்னு எழுதுறதைவிட "இன்றிலிருந்து ரத்து"ன்னு எழுதுறது வரிக் கணக்குக்குப் பாதுகாப்பு. எந்தெந்தப் பரிமாற்றம் நடந்து முடிஞ்சுது, அது யார்கிட்ட இருக்குன்னு ஒரு பட்டியல் இணைப்பா வரணும். மேல சொன்ன 30 பவுன், 8 லட்சம் இங்கே உட்காரும். ரெண்டு பேர் கையெழுத்து, ரெண்டு சாட்சி. சாட்சிகள்ல ஒருத்தர் மனைவி பக்கத்து ஆளா இருக்கிறது நல்லது. முத்திரைக் கட்டணம் சரியா கட்டணும்; பழைய 20 ரூபாய் பேப்பர் காலம் போயிடுச்சு, தமிழ்நாட்டில் 2024-ல் கட்டணங்களை மாத்தினாங்க. குறைவா கட்டின பத்திரத்தை, பாக்கியும் அபராதமும் கட்டாம, கோர்ட் சாட்சியமா எடுத்துக்காது.

பழைய ஒரிஜினல் மேல "ரத்து செய்யப்பட்டது"ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, புதுப் பத்திரத்தோட பின் பண்ணி வைங்க. கிழிக்காதீங்க. கிழிச்சாலும் வாட்ஸ்அப்ல பி.டி.எஃப். இருக்கும், அதைத் தூக்கிட்டு நாளைக்கு யாரும் வரலாம்.

நோட்டரி பத்தி ஒரு வார்த்தை. நோட்டரி சீல், கையெழுத்து போட்டது இவர்தான்னு சொல்லுது. உள்ளே எழுதினது செல்லும்னு சொல்லல. நம்ம ஆளுங்க சீலைப் பார்த்தாலே கோர்ட் ஆர்டர் மாதிரி பயப்படுறாங்க.

ஒருத்தர் மட்டும் ரத்து கேட்டா?

அப்போ கதை வேற. கல்யாண மண்டபம் புக் ஆகி, பத்திரிகை கொடுத்து முடிச்ச பிறகு, "இதில் கையெழுத்து போட்டாதான் தாலி"ன்னு சொல்லி வாங்கினதா இருந்தா, அது சுதந்திரமான சம்மதமான்னு கேள்வி வரும். மிரட்டலோ, தகாத செல்வாக்கோ இருந்தா அந்த ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் தள்ளுபடி பண்ணக் கேட்கலாம். 1963 குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் பிரிவு 31-ல் பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி வழக்கு போடலாம். விவரம் தெரிஞ்ச நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போடணும். கணவன் மனைவிக்குள் சொத்து வழக்குன்னா 1984 குடும்ப நல நீதிமன்றச் சட்டப்படி அது குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகும். இந்த இடத்தில் நான் ஒதுங்கிக்கிறேன், வக்கீலைப் பாருங்க.

ஒப்பந்தத்தில் "பெண் வீட்டார் கார் வாங்கித் தரணும்", "மாப்பிள்ளையோட எஜுகேஷன் லோனைக் கட்டணும்"னு இருந்தா அதுக்குப் பேர் ப்ரீ-நப் இல்ல. வரதட்சணை. 1961 சட்டத்தின் பிரிவு 5-படி அந்த ஒப்பந்தம் பிறக்கும்போதே செல்லாதது, ரத்து பண்ண ஒண்ணும் இல்ல. வாங்கினதை அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிற கடமை பிரிவு 6-ல் இருக்கு. "ரத்து ஒப்பந்தம் போட்டுட்டோம், சரியாப் போச்சு"ன்னு அதை மறைக்க முடியாது.

பத்திரம் ரத்தானாலும் ரத்தாகாதவை

ஒப்பந்தத்தின்படி ஏற்கெனவே செட்டில்மென்ட் பத்திரம் ரிஜிஸ்டர் ஆகியிருந்தா, கொடுத்தவர் மனசு மாறினார்னு அது திரும்பாது. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 126 அதை அனுமதிக்கிறதில்லை. கிரயப் பத்திரத்தை ஒருதலைப்பட்சமா ரத்து பண்ணிப் பதிவு பண்ண முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-ல் லத்தீஃப் எஸ்டேட் லைன் வழக்கில் சொல்லிடுச்சு. சொத்து திரும்ப வரணும்னா, வாங்கினவர் விருப்பப்பட்டு மறுபடி ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கணும். தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தின தொகை இது, போறதுக்கு முன்னாடி டி.என்.ரெஜினெட்ல ஒருமுறை பார்த்துக்கோங்க. வீட்டு மேல லோன் இருந்தா பேங்க் சம்மதம் இல்லாம எதுவும் நகராது.

எம்.டபிள்யூ.பி. சட்டத்தின்கீழ் டெர்ம் பாலிசி எடுத்துக் கொடுத்திருந்தா, அது 1874-ம் வருஷச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைங்களுக்குமான டிரஸ்ட். ப்ரீ-நப் ரத்தாச்சுன்னு அந்தப் பாலிசியை அவர் திரும்ப எடுத்துக்க முடியாது. எனக்குப் பிடிச்ச பிரிவு இது. ப்ரீ-நப்ல பத்துப் பக்கம் எழுதிச் சாதிக்க முடியாததை, பாலிசி வாங்கும்போது ஒரு படிவத்தில் சாதிச்சிடுது.

பி.எஃப்.ல கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாம போயிடும். புதுசா போடணும். "என் பி.எஃப்.ல உனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு ப்ரீ-நப்ல எழுதியிருந்தாலும் இ.பி.எஸ். குடும்பப் பென்ஷன் அந்தப் பேப்பரைப் பார்க்காது. ரத்து பண்ற அன்னைக்கே யு.ஏ.என். லாகின்ல போய் இ-நாமினேஷனைச் சரிபாருங்க.

இப்போ என் ஏரியா: வரி

1963-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போச்சு. பிலிப் ஜான் பிளாஸ்கெட் தாமஸ்னு ஒருத்தர், கல்யாணம் பண்ணிக்கப் போற பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு முன்னாடியே கம்பெனி ஷேர்களைக் கொடுத்துட்டார். அப்புறம் கல்யாணம். அந்த ஷேர்ல வந்த டிவிடெண்டை உங்க வருமானத்தோட சேர்க்கணும்னு வருமான வரித் துறை சொல்லுச்சு. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. கொடுத்த நாளன்னைக்கு அவங்க மனைவி இல்லையே!

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? கல்யாணத்துக்கு முன்னாடி கொடுத்த சொத்துக்கு கிளப்பிங் வராது. ப்ரீ-நப்பை ரத்து பண்றோம்னு அந்த மியூச்சுவல் ஃபண்டையோ பணத்தையோ திரும்ப வாங்கி, "புதுசா அன்பளிப்பா தர்றேன்"னு கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி கொடுத்தீங்கன்னா, இந்தத் தடவை கிளப்பிங் வரும். 1961 சட்டத்தில் பிரிவு 64. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருஷப் புதுச் சட்டத்தில் எண் மாறினாலும் விதி அதேதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கணவர் மனைவிக்கு 10 லட்சம் கொடுக்கிறார், அவங்க 7 சதவீதத்துக்கு எஃப்.டி. போடுறாங்க. வருஷத்துக்கு 70,000 வட்டி. மனைவிக்கு வேற வருமானம் குறைவா இருந்தா அவங்க கையில் வரி பூஜ்யமா இருந்திருக்கும். கிளப்பிங் வந்தா அது கணவர் வருமானம். 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து 21,840 ரூபாய். வருஷா வருஷம். அந்த வட்டியை மறுபடி முதலீடு பண்ணி வர்ற வட்டி மட்டும் மனைவியோடது.

பரிசு வரி கிடையாதுங்கிறது சரி. கணவன் மனைவிக்குள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கினவருக்கு வரி இல்லை. அதைக் கேட்டுட்டு வருமானத்துக்கும் வரி இல்லைன்னு நினைச்சுக்கிறாங்க. அது வேற, இது வேற.

இன்னொரு பொறி. "பிரிஞ்சா இந்த ஷேர் எனக்கே திரும்பணும்"னு பழைய ஒப்பந்தத்தில் இருந்துச்சா? அது திரும்பப் பெறத்தக்க பரிமாற்றமா பார்க்கப்படலாம். அப்படின்னா அதில் வந்த வருமானம் ஆரம்பத்திலிருந்தே கொடுத்தவர் கையில்தான் வரிக்கு வரும். பழைய ரிட்டர்ன்களை எடுத்து வச்சுப் பார்க்கணும். "இன்றிலிருந்து ரத்து"ன்னு எழுதச் சொன்னதுக்கும் காரணம் இதுதான். "ஆரம்பத்திலிருந்தே ரத்து"ன்னா அத்தனை வருஷக் கணக்கும் கேள்விக்குள்ள வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஜூஜுவாடி தாண்டினா வேற மாநிலம், வேற பதிவுத் துறை. சந்தாபுராவிலோ அத்திப்பள்ளியிலோ ஃப்ளாட் இருந்தா, அந்தச் சொத்து சம்பந்தமான பத்திரத்தை ஓசூர் சார் பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ண முடியாது. சொத்து இருக்கிற எல்லைக்குள்தான் பதிவு. முத்திரைத் தீர்வையும் கர்நாடகக் கட்டணம், காவேரி தளத்தில் பாருங்க. ஓசூர்ல ஒரு வீடு, அங்கே ஒரு ஃப்ளாட்னு இருக்கிறவங்க ஒரே பத்திரத்தில் முடிக்கப் பார்க்காம ரெண்டு தனிப் பத்திரமா எழுதிக்கோங்க.

ஆன்சைட் போய் அமெரிக்காவில் செட்டில் ஆகிறவங்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே பல மாநிலங்கள் ஏத்துக்கிட்ட 1983-ம் வருஷ மாதிரிச் சட்டப்படி ப்ரீ-நப் செல்லும். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் கையெழுத்து போட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தா ரத்தும் ஆகும். இங்கே மதிப்பு இல்லைன்னு அலமாரியில் போட்ட பேப்பரை அங்கே ஒரு கோர்ட் சீரியஸா பார்க்க வாய்ப்பிருக்கு. விசா ஸ்டாம்பிங் தேதிக்கு முன்னாடியே ரத்தை எழுத்தில் முடிச்சிடுங்க.

ரத்துப் பத்திரம் கையெழுத்தான தேதியை உங்க ஆடிட்டர்கிட்ட சொல்லுங்க. அந்த வருஷம் உங்களுக்குள்ள பணமோ யூனிட்டோ கை மாறியிருந்தா, ஐ.டி.ஆர். 2-ல் ஷெட்யூல் எஸ்.பி.ஐ.ன்னு கிளப்பிங் வருமானத்துக்குத் தனி இடம் இருக்கு. எஃப்.டி.க்கு மனைவி பான்ல டி.டி.எஸ். பிடிச்சிருப்பாங்க, அந்த கிரெடிட் கணவருக்கு வரணும்னா மனைவி பேங்குக்கு ஒரு டிக்ளரேஷன் கொடுக்கணும். மார்ச் 31-க்கு முன்னாடி கொடுத்துட்டா ஃபார்ம் 26 ஏ.எஸ்.ல சரியா வந்து உட்காரும்.